கணக்கு நோட்டில் கிடைத்த புதையல்

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தம் நிலத்தைத் தோண்டினார். இது நடந்தது 1930-களில். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல, கருப்பாக ஏதோ வெளியே வந்தது. அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அதுதான் பழுப்பு நிலக்கரி! இன்று அங்கே ஒரு நகரமே இருக்கிறது.

நிலக்கரி கண்ணில் பட்டது தற்செயல். ஆனால் அது உண்டானது தற்செயல் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரம் செடிகளே அதற்குக் காரணம்.

ஓவியக் கலையிலும் இப்படி ஓர் அதிசயம் நடந்தது. தற்செயலாகப் பார்த்த ஒரு கணக்கு நோட்டு, பெரிய ஓவியர் ஒருவரின் பாதையையே மாற்றியது. அவர்தான் கே.சி.எஸ். பணிக்கர்.

தந்தி இலாகா வேலை

பணிக்கர் 1911-ம் ஆண்டு கோவையில் பிறந்தார். மலையாளக் குடும்பம். 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வர்ணத்தில் தீட்டினார்.

ஆனால் குடும்பப் பாரம் தோளில் விழுந்தது. 18-வது வயதில் படிப்பை விட்டார். தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். வயிற்றுக்கு வழி பிறந்தது. மனமோ தூரிகையையே சுற்றிச் சுற்றி வந்தது.

1936-ல், 25-வது வயதில், அவர் மீண்டும் மாணவர் ஆனார்! சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சவுத்ரிதான் அப்போது அதன் தலைவர். பிற்காலத்தில் பணிக்கர் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1957-ல் குருவின் நாற்காலியிலேயே அமர்ந்தார்.

விடாத தேடல்

1954-ல் லண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. மேல்நாட்டாரின் புதுமை ஓவியங்களை அவர் கண்டார். புதுமையும் வேண்டும், நம் மண்ணின் மணமும் வேண்டும். அதற்கு வழி என்ன? ஆண்டுக்கணக்கில் தேடினார்.

1963-ம் ஆண்டு வாக்கில், ஒரு மாணவனின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், கோடுகள், கோணங்கள்! மற்றவர்களுக்கு அது வெறும் கணக்கு. பணிக்கருக்கு அது சித்திரம்.

'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை பிறந்தது. ஜாதகக் கட்டங்களும் அல்ஜீப்ரா குறிகளும் அதில் அருகருகே நின்றன. நடப்பதற்கெல்லாம் கிரகங்களே காரணம் என்பது ஜோதிடம். காரணத்தைக் கணக்கிட்டு நிரூபி என்பது விஞ்ஞானம். இரண்டையும் ஒரே துணியில் தீட்டிவிட்டார் பணிக்கர்! அதில் உள்ள எழுத்துகளைப் படித்தால் பொருள் வராது. கோலத்தைப் போலப் பார்த்து ரசிக்க வேண்டும்.

ஓவியர்களின் ஊர்

ஓவியம் கற்ற இளைஞர்கள் பிழைப்புக்காக வேறு வேலை தேடுவதைக் கண்டு பணிக்கர் வருந்தினார். தாம் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம் என்று எண்ணினார். கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் எல்லோரும் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். 1966-ல் சென்னைக்கு அருகே, கடலோரத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. இன்றும் அது இருக்கிறது.

1977-ல் பணிக்கர் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஓவியக் கூடம் இருக்கிறது.

கணக்கு நோட்டு எத்தனையோ பேர் கண்ணில் படுகிறது. தேடிக்கொண்டிருந்தவருக்குத்தான் அது புதையல் ஆயிற்று!