கல்விக்கண் திறந்த பேகம் ரொக்கேயா

ஆதிபகவன் தம் வலப்பக்கம் அமர்ந்த பிராமிக்கு எழுத்தையும், இடப்பக்கம் அமர்ந்த சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளிய வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். தமிழ்நாட்டிலும் குரத்தியர் எனப்பெற்ற சமண ஆசிரியைகள் வாழ்ந்தமைக்குக் கழுகுமலைக் கல்வெட்டுகள் சான்றாக நிற்கின்றன. பெண்மக்களுக்கு முதலில் வழங்கப்பெற்ற அக்கல்விச் செல்வம் பிற்காலத்தில் எல்லாச் சமூகங்களிலும் அவர்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. அதனை மீட்டுத் தர வங்காளத்தில் தம் வாழ்நாளையே ஈந்தவர் பேகம் ரொக்கேயா.

இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைராபந்த் என்னும் சிற்றூரில், செல்வம் மிக்க நிலக்கிழார் குடும்பத்தில் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். ஐந்து வயது முதற்கொண்டே அயலார் கண்ணிற் படாமல் திரைக்குள் வாழ வேண்டியிருந்தது. ஆண்மக்கள் கல்கத்தா சென்று ஆங்கிலம் கற்றனர். பெண்மக்களுக்கோ வங்க மொழி எழுத்துகூட மறுக்கப்பட்டது. வீட்டார் உறங்கிய பின்னர், தமையனார் இப்ராகிம் சாபேர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தமக்கை கரீமுன்னிசா வங்க மொழியில் ஊக்கமளித்தார். பிற்காலத்தில் தாம் எழுதிய நூல்களை இவ்விருவருக்கும் காணிக்கையாக்கி ரொக்கேயா நன்றிக்கடன் செலுத்தினார்.

பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக விளங்கிய சையத் சக்காவத் ஹுசேன் அவர்களை மணந்தார். வயதில் மிகவும் மூத்தவராயினும் கணவர் மனைவியின் கல்விக்கு உறுதுணையாக நின்றார். அவர் பணியின் பொருட்டு வெளியூர் சென்றிருந்த வேளையில் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் கதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில் இடம்பெற்றது. ஆடவர் வீட்டினுள் அடங்கியிருக்க, பெண்கள் அறிவியலின் துணைகொண்டு நாட்டை ஆளும் கற்பனை உலகை அக்கதை காட்டியது.

பிறந்த மகவு இரண்டையும் பச்சிளம் பருவத்திலேயே பறிகொடுத்த அவர், 1909இல் கணவரையும் இழந்தார். பெண்கல்விக்கெனக் கணவர் ஒதுக்கி வைத்திருந்த 10,000 ரூபாயைக் கொண்டு, துயரம் ஆறுமுன்னரே, ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துப் பிணக்கினால் அவ்வூரைவிட்டு நீங்க நேர்ந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் கல்கத்தாவில், எட்டு மாணவியருடன் சக்காவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் நிறுவினார்.

பள்ளி இருந்தது, பிள்ளைகள் வர வேண்டுமே! வீடு வீடாகச் சென்று பெற்றோரை வேண்டினார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பக் கடமை என்பதைத் தம் சமய நெறி நின்றே எடுத்துரைத்தார். மகளிரின் திரை காக்கப்படும் என்று உறுதியளித்தால் மட்டுமே பலர் இசைந்தனர். ஆகவே முற்றும் மூடப்பெற்ற மோட்டார் வண்டி ஒன்று ஏற்பாடாயிற்று. காற்றுப் புகச் சிறு வலைத்துளைகளே இருந்த அவ்வண்டியின் இருளிலும் வெம்மையிலும் சிறுமியர் அழுதனர், சிலர் வாந்தியெடுத்தனர். பலகணிகளைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்ட பின்னரும் சிலர் மயங்கி விழுந்தனர். அதே வேளையில், காற்றில் திரை அசைவதால் மானம் போகிறதென்றும், திருத்தாவிடில் நாளிதழ்களில் எழுதுவோமென்றும் மிரட்டல் கடிதங்கள் வந்தன.

திரை இறுகினால் குழந்தைகளின் மூச்சு முட்டும். நெகிழ்ந்தால் பள்ளியே மூடப்படும். இந்த இக்கட்டின் நடுவில்தான் அவர் இருபதாண்டுக்கு மேல் பள்ளியை நடத்தினார். எழுத்தில் தாம் கடுமையாகக் கண்டித்த திரையை மாணவியரின் பொருட்டுத் தாமே தாங்கிக்கொண்டார். தம் கொள்கையின் வெற்றியைவிட, ஒரு சிறுமி மறுநாளும் பள்ளிக்கு வருவதே அவருக்குப் பெரிதாக இருந்தது. ஏளனத்தையும் ஏச்சையும் பொறுத்துக்கொண்ட அவருடைய பொறுமை, உத்தம க்ஷமையைப் போற்றும் நமக்கு எளிதில் விளங்கும். 1916இல் முஸ்லிம் மகளிர் சங்கம் ஒன்றையும் நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவினார்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், தாம் பிறந்த அதே தேதியில், அவர் மறைந்தார். பெண்ணுரிமை குறித்து அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமேல் கிடந்தது.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. வங்கதேச அரசு 1994இல் ஊர்ப்புற இடைநிலைப் பள்ளி மாணவியர்க்கு நாடெங்கும் உதவித்தொகை வழங்கலாயிற்று. நூற்றுக்கு 75 நாள் வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், பள்ளிப் படிப்பு முடியும்வரை மணம் செய்யாமை ஆகிய மூன்றும் அதற்குரிய நிபந்தனைகள். சில ஆண்டுகளிலேயே மாணவியர் தொகை மாணவர் தொகைக்கு ஈடாகிப் பின்னர் விஞ்சவும் செய்தது. எனினும் இளவயதுத் திருமணம் இன்றும் அங்குப் பலருடைய படிப்பை இடையில் நிறுத்துகிறது. பள்ளியில் பெயர் எழுதுவது முதற்படியே. அப்பெயர் இறுதிவரை நிலைக்க வேண்டும். டிசம்பர் 9ஆம் நாளை அந்நாடு ரொக்கேயா நாளாகக் கொண்டாடுகிறது.

ஆகாரம், அபயம், ஔடதம், சாஸ்திரம் என நம் அறநெறி வகுத்த நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானம் கல்விக்கொடையாகும். பிற சமயத்தில் பிறந்த ஓர் அம்மையார் அத்தானத்தைத் தம் வாழ்வாகவே ஆக்கினார். நம் ஊர்களில் வறுமையாலோ மணப்பேச்சாலோ ஒரு மகளின் படிப்பு தடைப்படுமாயின், அவ்வீட்டுப் படியேறிச் சென்று பெற்றோரிடம் பேசுவது, பிராமியையும் சுந்தரியையும் போற்றும் நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.