மீட்பு எனும் அன்றாடம்: பேராயர் அசரியாவும் தோல் தொழிலாளரின் திருச்சபையும்

மீட்பு என்ற சொல்லைச் சட்டம் பயில்வோர் முதலில் சந்திப்பது வேதாகமத்தில் அன்று, அடமானச் சட்டத்தில்தான். கடனைச் செலுத்தி அடமானச் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டம், 1882, தனது 60-ஆம் பிரிவில் மீட்புரிமையாக வகுக்கிறது. இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் மக்களுக்கும் இச்சொல் அந்நியமானதன்று. கம்மலை அடகு வைப்பதும் மீட்பதும், வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உழைப்பையே அடகு வைப்பதும் அவர்கள் அறிந்தவையே. பவுல் அப்போஸ்தலர் தம் நிருபங்களில் கையாண்ட சொல்லும் அடிமைகளை விலைகொடுத்து விடுவிக்கும் வழக்கத்திலிருந்து வந்ததுதான். காலப்போக்கில் பிரசங்க மேடைகளில் அதன் பொருள் சுருங்கி, மரணத்துக்குப் பின் கிடைக்கும் பரலோக வாழ்வு என்ற அளவில் நின்றுவிட்டது.

அச்சொல்லை மீண்டும் சேரியின் அன்றாடத்துக்குள் கொண்டுவர முயன்றவர்களுள் ஒரு தமிழரின் வாழ்க்கை இன்று நாம் மறுபடியும் வாசிக்கத் தக்கது. அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். அவருடைய சபையில் பெரும்பான்மையினர் மாலா, மாதிகா மக்கள். மாதிகாக்களின் மீது சாதி சுமத்திய தொழில் தோல் தொழில். அவர்களது வரலாறு நம் பகுதி அருந்ததியர் வரலாற்றுக்கு மிக நெருக்கமானது. அருந்ததியருள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே அசரியாவின் கதை தொலைதூரத் தெலுங்கு நாட்டின் கதை மட்டுமன்று.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையொன்றின் குருவானவர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் அச்சமூகமும் ஆலயங்களின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்தது. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் 1897-இல் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவகாசியில் 1899-இல் கலவரம் வெடித்தது. அசரியாவின் இளமை இந்த ஆண்டுகளினூடே கழிந்தது. ஒரு சமூகம் கல்வியாலும் சபையாலும் நிமிர்ந்தபோது, ஊர் அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அவர் அருகிருந்து கண்டார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் பயணித்தார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தம் சொந்தச் செலவில் ஊழியர்களை வெளியிடங்களுக்கு அனுப்பி வருவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு அமைப்புகளும் இந்தியரின் பணத்தில், இந்தியரின் தலைமையில், இந்திய ஊழியரைக் கொண்டு இயங்கவேண்டும் என்பது கொள்கை. வெள்ளையர் கொடுக்க, இந்தியர் வாங்க என்றிருந்த உறவை மாற்றுவதே மீட்பின் முதற்படி என அவர் கருதினார்.

1909-இல் அவர் குருப்பட்டம் பெற்று, நிஜாமின் ஐதராபாத் அரசைச் சேர்ந்த தோர்ணக்கல் என்ற ஊருக்குச் சென்றார். செயலாளர் பதவியின் வசதிகளை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில், முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்கத் தொடங்கினார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அவையை அதிரச் செய்தது. வெள்ளை மிஷனரிகள் தம் உடைமைகளையும் உயிரையும்கூட இந்தியருக்குத் தந்திருக்கிறார்கள், ஆனால் நட்பைத் தரவில்லை என்பதே அதன் சாரம். ஒரே கடவுளை வணங்குவோர் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணத் தயங்கினால், அவர்கள் போதிக்கும் மீட்பு எதிலிருந்து மீட்பு என்ற கேள்வி அந்த உரையின் அடியில் இருந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார்.

அங்கிருந்த மக்களின் வாழ்வை நினைத்துப் பார்க்கவேண்டும். ஊரில் மாடு செத்தால் அதை அப்புறப்படுத்துவது மாதிகாவின் கடமை. அதன் தோலை உரித்துப் பதனிட்டு, நிலவுடைமையாளருக்குச் செருப்பும், கிணற்றில் நீர் இறைக்கும் தோற்சாலும் செய்து தருவதும் அவர் கடமை. ஊர்த் திருவிழாவில் பறையறைவதும் கடமை. இவற்றுக்குக் கிடைத்தது கூலியன்று. செத்த மாட்டின் இறைச்சியும், களத்து மேட்டில் எஞ்சிய தானியமுமே கிடைத்தன. இம்மக்கள் தனித்தனியாக மதம் மாறவில்லை. குடும்பம் குடும்பமாக, பல இடங்களில் பேட்டை முழுவதுமாகக் கூடிப் பேசி முடிவெடுத்தே சபையில் சேர்ந்தனர். 1912-இல் ஏறத்தாழ 56,000 பேராக இருந்த அம்மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர்கள், 1941-இல் சுமார் 2,25,000 பேராகப் பெருகினர்.

அசரியாவின் சபையில் மீட்பு ஒரு நாள் நிகழ்வாகக் கருதப்படவில்லை. ஞானஸ்நானம் பெறுபவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிப்பது இனித் தம் பொறுப்பு என உறுதி கூறவேண்டும். அதாவது, நேற்றுவரை ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க அனுமதிக்கப்படாதவர் இன்று முதல் பேசவேண்டியவர் ஆகிறார். வயல்வேலை முடிந்த இரவில் உபதேசியார் சேரியைக் கூட்டி ஜெபமும் பாட்டும் நடத்துவார். எழுத்தறிவு பல இடங்களில் இந்த இரவுக் கூட்டங்களின் வழியாகவும் சபைப் பள்ளிகளின் வழியாகவுமே வந்தது. பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென எடுத்து வைப்பர். வறியவரும் கொடுக்கவேண்டும் என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். காணிக்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இது ஏழையிடமிருந்து பிடுங்குவதாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெற்று மட்டுமே வாழும்படி நிறுத்தப்பட்ட ஒருவர், கொடுப்பவராக மாறும்போது தம்மைப் பற்றி எண்ணுவதே மாறுகிறது என்பதை அவர் கண்டிருந்தார். மாலா, மாதிகா சமூகங்களிலிருந்து வந்தவர்கள் உபதேசியாராகவும் குருவானவராகவும் உயர்ந்தனர்.

செத்த மாட்டிறைச்சியையும் மதுவையும் கைவிடுமாறு சபை கட்டளையிட்டது. இதில் மேல்சாதித் தூய்மைக் கருத்தின் சாயல் இருக்கிறது என்ற விமர்சனத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. மாட்டிறைச்சி உண்ணும் உரிமைக்காக இன்று போராடும் நாம் அதைக் கவனமாகவே வாசிக்கவேண்டும். எனினும் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அங்கு மறுக்கப்பட்டது உணவன்று, அந்த உணவோடு பிணைக்கப்பட்டிருந்த அடிமைக் கடமை. பறையறையமாட்டோம், செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று மறுத்த கிறிஸ்தவர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தனர், அடித்தனர். பரலோகத்தை மட்டும் பேசும் மதத்தின் மீது எவரும் இவ்வளவு சினம் கொள்வதில்லை.

சபைக்குள்ளும் போராட்டம் இருந்தது. மாலாக்கள் முதலில் சேர்ந்த இடங்களில் மாதிகாக்களை ஏற்கத் தயங்கினர். ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து பெறுவதும், ஒன்றாக அமர்ந்து உண்பதும் எளிதில் நடக்கவில்லை. எடின்பரோவில் வெள்ளையரிடம் நட்பைக் கேட்ட அதே அளவுகோலை அசரியா இங்கும் பயன்படுத்தினார். பிரிந்து உண்போர் ஒரே சபையாக இருக்கமுடியாது என்பதே அவரது நிலை. முழு வெற்றி கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. ஞானஸ்நானத்தோடு சாதி கரைந்துவிடுகிறது என்ற எண்ணம் பொய் என்பதை அவரது பேராயப் பணியின் முப்பத்திரண்டு ஆண்டுகளும் காட்டின. சாதியோடு ஒவ்வொரு திருவிருந்திலும் மோதவேண்டியிருந்தது.

1930-களில் அவர் இரு பெருந்தலைவர்களின் கேள்விகளை எதிர்கொண்டார். தீண்டப்படாத மக்கள் ஆன்மிகப் புரிதலால் அன்றி, உலகியல் நன்மைகளுக்காகவே மதம் மாற்றப்படுகிறார்கள் என்று காந்தியார் தொடர்ந்து எழுதினார். அசரியா அதை ஏற்கவில்லை. கடவுளைப் பற்றித் தாமே சிந்தித்து முடிவெடுக்கும் தகுதி சேரி மக்களுக்கு உண்டு என்பதே இந்த வாதத்தில் அடங்கிய உண்மையான பிணக்கு. பசித்தவர் சோறு கேட்பதும், இழிவுபடுத்தப்பட்டவர் மரியாதை கேட்பதும் ஆன்மிகக் குறைபாடாகுமா? மானத்தோடு வாழ விரும்புவது உலகியல் என்றால், அந்த உலகியல் இல்லாத மீட்பு யாருக்கு வேண்டும்?

அம்பேத்கரின் கேள்வி இன்னும் கடினமானது. 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தபின் இருவரும் சந்தித்தனர். இத்தனை பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் திருச்சபையில் சேர்ந்தால் தம் மக்கள் ஒரே சமூகமாக இருக்க முடியுமா என்ற கேள்வி அசரியாவைத் தலைகுனிய வைத்தது. தென்னிந்தியச் சபைகளை ஒன்றிணைக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சியில் முன்நின்ற அவருக்கு, அது ஏற்கெனவே வலித்த இடம். மதம் மாறியபின்னும் கிறிஸ்தவர்களிடையே சாதி நீடிப்பதை அம்பேத்கர் தம் கட்டுரைகளில் கடுமையாகச் சாடினார். இறுதியில் 1956-இல் அவர் பௌத்தத்தைத் தழுவினார்.

அசரியாவின் எல்லைகளையும் நாம் சொல்லியாகவேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என அவர் 1932-க்குப் பின் வாதிட்டார். சபை ஒரு வாக்கு வங்கியாகச் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். ஆனால் அரசியல் அதிகாரமின்றிச் சேரி மக்களின் மீட்பு பாதியில் நின்றுவிடும் என்பதை அம்பேத்கர் கண்ட தெளிவோடு அவர் காணவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் அவரது திட்டத்தின் மையத்தில் இல்லை. 1939 ஜனவரி 6 அன்று, கோயில், மசூதி ஆகியவற்றின் கட்டடக் கலையைக் கலந்து எழுப்பிய தோர்ணக்கல் பேராலயத்தை அவர் அர்ப்பணித்தார். 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். அவர் உழைத்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. இன்று வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள சி.எஸ்.ஐ. ஆலயங்கள் அந்த இணைப்பின் வாரிசுகள்.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளில், 1950-ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை வந்தது. இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த சூசை என்ற தலித் கிறிஸ்தவர், பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985-இல் அவரது மனு தள்ளுபடியானது. மதம் மாறியபின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். அதே தொழில், அதே சாலையோரம், அதே தோல். ஆனால் சான்று இல்லை.

இங்குதான் அசரியாவின் வாழ்க்கை நமக்கு வேண்டியதாகிறது. ஞானஸ்நானம் சாதியை அழித்துவிட்டது என்று அரசு சொல்கிறது. அதையே பல ஆயர்களும் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டு கூற்றுகளும் சேர்ந்து தலித் கிறிஸ்தவரின் வழக்கைத் தோற்கடிக்கின்றன. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது.

நீதிமன்றம் கேட்கும் சான்று எங்கே இருக்கிறது? தனிக் கல்லறைகளில் இருக்கிறது, சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தல்களில் இருக்கிறது, திருமணப் பேச்சுகளில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் பங்குகொள்வோர், திங்கட்கிழமை தோல் ஆலையில் எந்த வேலை யாருக்கு என்று ஒதுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. இவற்றைப் பதிவுசெய்வது நற்செய்திக்கு அவமானம் என்று சபைகள் அஞ்சுகின்றன. தோர்ணக்கல்லில் அசரியா செய்தது இதற்கு நேர் எதிரானது. சபைக்குள் சாதி இருப்பதை மறைக்காமல், அதனோடு மோதுவதையே விசுவாசியின் அன்றாடக் கடமையாக்கினார். அடமானத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டால்தான் மீட்புரிமை எழும். சபைகளின் பதிவேடுகளைத் திறந்து, இந்தப் பாகுபாடுகளை ஊர் ஊராகத் தொகுத்து ஆணையங்கள் முன்பும் நீதிமன்றங்கள் முன்பும் வைக்கும் பணியை நம் பகுதி இளைஞர்களும் சட்ட மாணவர்களும் இப்போதே தொடங்கலாம்.