மயிலாடி தந்த மகாராசன் வேதமாணிக்கம்

கோவையில் லண்டன் மிஷன் பணியை 1830-இல் தொடங்கியவர் டபிள்யூ.பி. ஆடிஸ். அதற்கு முன் அவர் நாகர்கோவிலில் பணியாற்றியவர். கொங்கு மண்டலத்துக்கு இந்தச் சபை வந்த வழியைப் பின்னோக்கித் தேடினால், குமரி முனைக்கு அருகே மயிலாடி என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தலித் பெரியவரிடம் போய்ச் சேரலாம்.

அவர் பெயர் மகாராசன். சாம்பவர் குடும்பத்தில் பிறந்தவர். பக்திமான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே மனம் அமைதி அடையவில்லை. தஞ்சாவூரில் இருந்த கிறிஸ்தவ உறவினர்களைப் பார்க்கச் சென்றவர், அங்குள்ள ஆலய வழிபாட்டில் கலந்துகொண்டார். மிஷனரி கோல்ஹாப் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து வேதமாணிக்கம் எனப் பெயரிட்டார்.

ஊர் திரும்பியதும் முதலில் வீட்டாரையும் பின்னர் உறவுகளையும் சேர்த்து, தம் வீட்டிலேயே வழிபாடு நடத்தினார். அப்போது திருவிதாங்கூரின் தென்பகுதியில் ஒரு சீர்திருத்த சபை மிஷனரிகூட இல்லை. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பு வலுத்தது. சொந்த ஊரை விட்டு எல்லோருமாகத் தஞ்சைப் பக்கம் குடியேறிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. மீண்டும் தஞ்சைக்கு நடந்தார். தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பை ஏற்று 1806-இல் மயிலாடிக்கு வந்தவர்தான் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே.

ஆலயம் கட்டத் திருவிதாங்கூர் அரசு எளிதில் அனுமதிக்கவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயின் முயற்சியால் அனுமதி கிடைத்து, 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பள்ளியும் வந்தது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று அக்கம்பக்கத்து ஊர்களிலும் சபைகள் உருவாயின.

1816-இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே ஊரை விட்டுக் கிளம்பினார். போகும் முன் தம் அங்கியை வேதமாணிக்கத்துக்கு அணிவித்து, சபைகளின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். 1818-இல் மீட் வரும்வரை வெள்ளைக்கார மிஷனரி எவரும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் சபைகளைக் கலையாமல் காத்தவர் வேதமாணிக்கம். சபையாரில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். பொதுவழியில் நடக்கவே தலித்துகளுக்குத் தடை இருந்த நாட்டில், பிற சாதியார் நிறைந்த சபைகளுக்கு ஒரு தலித் மேய்ப்பராக இருந்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதே 1855-இல்தான்.

மீட் வந்தபின் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. வேதமாணிக்கம் கடைசிவரை சபைப் பணியிலேயே இருந்து 1827-இல் காலமானார்.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. கொங்கு நாட்டுச் சபைகள் பலவற்றின் வரலாற்றிலோ மிஷனரியின் பெயர் மட்டுமே கல்வெட்டில் இருக்கிறது. சேரியில் முதல் ஜெபக்கூட்டத்துக்குத் திண்ணை கொடுத்தவர், ஊர் ஊராக நடந்த உபதேசியார், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்தவர் யார் என்பதைச் சபை முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.