முப்புரி கண்ட ராமச்சந்திரன்

ஹேடோ துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடத்தைப் பார்த்தவர்களுக்கு, மூன்று புரிகளை முறுக்கினால் எத்தனை பலம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே முறுக்கு நம் உடம்பிலும் உண்டு. தோல், எலும்பு, தசைநார் யாவற்றையும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது கொல்லாஜன் என்னும் புரதம். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் பாகு போல் உறைவதும் அதனால்தான். அதன் அமைப்பைச் சென்னையில் இருந்தபடியே கண்டு சொன்னவர் டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தபின், 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. ராமன் அவரைத் தம் துறைக்கே இழுத்துக் கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று 1949-ல் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகம் பௌதிகப் பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க முன்வந்தபோது, ராமன் தம் சீடரைக் கைகாட்டினார். அப்போது சீடருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை!

கொழுப்பும் புரதமும் சிறு மூலக்கூறுகள் கூடி உருவானவையே. கொழுப்பின் கதை எளிது. ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணையும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். நாம் தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயும் இவ்வாறு ஆனதுதான். புரதத்திலோ 20 வகை அமினோ அமிலங்கள், பூத்தொடுப்பது போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. இங்கும் இணைப்புக்கு ஒரு நீர் மூலக்கூறு கழியும். ஆனால் சரம் தொடுத்தால் மட்டும் போதாது. அது எப்படி வளைகிறது, மடிகிறது என்பதில்தான் சூட்சுமம்.

1952-ல் சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக் கொண்டார். கங்காருவின் வால் தசைநாரை வரவழைத்து எக்ஸ்-ரே படம் எடுத்தனர். இப்புரதத்தில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. மூன்று சரங்கள் நெருங்கி முறுக்கிக்கொள்ள நடுவே அந்தச் சிறியதற்குத்தான் இடமிருக்கும். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று சரம் என்றும், 1955-ல் அச்சரங்கள் வடம் போல் மேலும் முறுக்குண்டவை என்றும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

மேல்நாட்டார் சும்மா இருக்கவில்லை. கிரிக்கும் ரிச்சும், அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ஆட்சேபித்துத் தங்கள் திருத்தத்தை வெளியிட்டனர். நுணுக்கத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது; முப்புரி என்ற மூலக் கருத்தோ சென்னையில் பிறந்தது.

ராமச்சந்திரன் வாதத்தில் பொழுதைப் போக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளை எல்லாம் அலசினார். சரத்தில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பலாம். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாது என்பதை ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963-ல் ஒரு வரைபடமாகத் தந்தார். ஆட்சேபணையில் முளைத்த இந்த வேலையே அவரது பெரிய சாதனை என்பது என் எண்ணம். உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், இன்றும் 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' வைத்துத்தான் அது சரிபார்க்கப்படுகிறது.

1970-ல் சென்னையை விட்டு, மறு ஆண்டு பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-லேயே லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உருவத்தைத் திரும்ப அமைக்கும் கணித முறை ஒன்றையும் வெளியிட்டார். ஸ்கேன் கருவிகளுக்கு உதவும் கணக்கு அது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் வரவில்லை.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி மறைந்தார். 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.