கட்டிலில் படுத்துப் படுத்து எழுந்து பாடிய ஜிம்மி ரோட்ஜர்ஸ்!

உங்க பிளேலிஸ்ட்ல கன்ட்ரி மியூசிக் இருக்கா? அப்போ மே 26-ஐக் குறிச்சு வெச்சுக்கோங்க. கன்ட்ரி இசையின் தந்தை ஜிம்மி ரோட்ஜர்ஸின் நினைவுநாள் அது.

அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரர். ரயிலில் பிரேக்மேன் வேலை. 1924-ல் காசநோய் வந்தது. குணமாக்கும் மருந்து அப்போ கிடையாது. ரயில் வேலை கைவிட்டுப்போக, பாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1927 ஆகஸ்ட் 4-ல் பிரிஸ்டல் நகரில் முதல் ரெக்கார்டிங். அடுத்த ஆறு வருஷத்தில் 100 பாடல்களைத் தாண்டினார்.

1933 மே மாதம், நியூயார்க் ஸ்டுடியோ. ஒரு பாட்டு முடிந்ததும் கட்டிலில் சாய்வார். மூச்சு திரும்பியதும் அடுத்த பாட்டு. குடும்பத்துக்குப் பணம் வேணுமே! கடைசிப் பாட்டு பதிவாகி இரண்டே நாளில் இறந்துபோனார். வயசு 35.

1961-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது, முதல் மூவரில் ஒருவர் இவர்தான். இன்னிக்கு ஒரு பாட்டாவது கேட்டுப் பாருங்க!