கருவி செய்த கைகள்

தாவரங்களுக்கு உயிர்த்துடிப்பு உண்டென்று காட்டியவர் என்றே ஜகதீச சந்திர போஸைப் பலரும் நினைவுகூர்கிறோம். பொருளியல் கற்பித்த நான் அவரிடம் காண்பது வேறொன்று: வாங்க இயலாத கருவியைச் செய்துகொண்ட திறன்.

1858-இல் கிழக்கு வங்கத்தில் பிறந்த போஸ், கேம்பிரிட்ஜில் பயின்று, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு நிகரான ஊதியம் மறுக்கப்படவே, மூன்றாண்டுகள் ஊதியமே பெறாமல் பாடம் நடத்தினார். இறுதியில் அரசு இணங்கியது. நிலுவை முழுவதும் வந்தது. அங்கே முறையான ஆய்வகம் இல்லை. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்தார். பின்னாளில் தாவர ஆய்வுக் கருவிகளும் இந்தியத் தொழிலாளர் கைகளிலேயே உருவாயின.

அவற்றின் உச்சம் காந்தக் கிரெஸ்கோகிராப். செடியின் வளர்ச்சி ஒரு காந்த நெம்புகோலை அசைக்கும். அது அருகில் தொங்கும் காந்த ஊசியைத் திருப்பும். ஊசியோடு திரும்பும் சிறு கண்ணாடியிலிருந்து ஒளிப்புள்ளி திரையில் ஓடும். வளர்ச்சி ஒரு கோடி மடங்கு பெருகித் தெரிந்தது. கிடையாகச் சாய்த்த செடியின் தண்டு, புவியீர்ப்பின் திசை மாறியதை உணர்ந்து மேல்நோக்கி வளையும். அவ்வுணர்வு தண்டின் எந்த அடுக்கில் எழுகிறது என்பதை நுண்ணிய மின்முனையைச் செலுத்தித் தேடினார்.

ஐயுற்றோர் லண்டனில் கேள்வி எழுப்பியபோது, 1920-இல் அறிஞர்கள் முன்னிலையில் கருவியை இயக்கிக் காட்டினார். அவர்கள் அதன் நுட்பத்தை உறுதிசெய்தனர். அவ்வாண்டே ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937-இல் மறைந்தார். தாவர நரம்பு பற்றிய அவருடைய முடிவுகள் இன்றும் விவாதத்துக்குரியவை. கருவி செய்த வழி அப்படியன்று.

எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறியைப் பிரித்துக் கோக்கும் தேர்ந்த கைகள் உண்டு. நம் கல்லூரி ஆய்வகங்களின் கதவுகள் அத்தகைய கைகளுக்குத் திறப்பது அரிது. கருவி வாங்க நிதி கேட்கும் நாம், கருவி செய்யக் கற்பிக்கவும் நிதி கேட்க வேண்டும்.