50 வருஷ சீனியர்... ஆனா அந்த ஒரு நாற்காலி மட்டும் கிடைக்கல! - பாபு ஜெகஜீவன் ராம் கதை

ஆபீஸ்ல எல்லாருக்கும் சீனியர் ஒருத்தர் இருப்பார். எந்த டிபார்ட்மென்ட்ல சிக்கல்னாலும் அவரைத்தான் அனுப்புவாங்க. புரமோஷன் வரும்போது மட்டும் லிஸ்ட்ல வேற பெயர் இருக்கும். இந்திய நாடாளுமன்றத்தில் அந்த சீனியரின் பெயர் ஜெகஜீவன் ராம். மக்கள் கூப்பிட்டது பாபுஜி.

1908 ஏப்ரல் 5, பீகாரின் சாந்த்வா கிராமத்தில், அன்று தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். ஆரா ஊர்ப் பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணிப் பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை. இந்தப் பையன் இந்துப் பானையில் தண்ணி குடிச்சதும் பிரச்னையாகி, தலித் மாணவர்களுக்குன்னு மூணாவதா ஒரு பானை வந்தது. பையன் அதை உடைச்சான். புதுசு வெச்சாங்க, அதையும் உடைச்சான். கடைசியில் பள்ளி நிர்வாகம்தான் இறங்கி வந்தது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் போனா, அங்க முடிவெட்டக்கூட ஆள் வர மறுத்தாங்க.

1936-ல், 28 வயசில் பீகார் சட்ட மேலவைக்குள் நுழைந்தார். அன்று தொடங்கிய சட்டமன்ற, நாடாளுமன்ற வாழ்க்கை 1986-ல் அவர் இறக்கும் வரை, 50 வருஷம் ஓடியது. 1952 முதல் 1984 வரை எட்டு மக்களவைத் தேர்தல்கள், எட்டிலும் ஜெயிச்சவர். சசாராம்னா ஜெகஜீவன் ராம், அவ்வளவுதான்.

1946-ல் நேருவின் இடைக்கால அரசில் இவர்தான் வயசில் சின்ன அமைச்சர். கொடுத்தது தொழிலாளர் துறை. உங்க சம்பள சிலிப்பில் இ.எஸ்.ஐ-ன்னு ஒரு வரி இருந்தா, அந்தச் சட்டம் வந்தது 1948-ல், இவர் அமைச்சரா இருந்தப்போதான். குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அதே வருஷம். அப்புறம் தகவல் தொடர்பு, ரயில்வே, விவசாயம்னு துறைகள் மாறிக்கிட்டே இருந்தன. விமான கம்பெனிகள் 1953-ல் அரசுடைமை ஆனதும் இவர் கையில்தான். 1963-ல் நம்ம காமராஜர் போட்ட திட்டப்படி பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போன மத்திய அமைச்சர்களில் இவரும் ஒருத்தர். மூணு வருஷத்தில் திரும்பவும் அமைச்சர். 1971-ல் வங்கதேசப் போர் நடந்தப்போ பாதுகாப்பு அமைச்சர் இவர்தான்.

கறுப்புப் பக்கமும் உண்டு. பத்து வருஷம் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாம விட்டவர் என்ற சர்ச்சை பெரிசா வெடிச்சது. அதைவிடப் பெரிசு எமர்ஜென்சி. 1975 ஜூலையில் எமர்ஜென்சிக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் பாபுஜிதான். இதை மறைச்சு அவர் கதையை எழுதறது நியாயமில்ல.

1977 பிப்ரவரி 2. தேர்தல் அறிவிச்ச நேரத்தில் இந்திரா அமைச்சரவையை விட்டு வெளியே வந்தார். டெல்லி ராம்லீலா மைதானத்தில் பெரிய கூட்டம். ஜனங்க வீட்டைவிட்டு வரக்கூடாதுன்னு தூர்தர்ஷனில் அன்னைக்கு 'பாபி' படத்தைப் போட்டாங்க. டிம்பிள் கபாடியாவை விட்டுட்டு ஜனங்க மைதானத்துக்குத்தான் வந்தாங்க!

ஜனதா ஜெயிச்சாச்சு. பிரதமர் யார்? போட்டியில் இருந்த மூணு பேரையும் பாருங்க. மொரார்ஜி தேசாய் மத்திய அமைச்சரவைக்கு வந்தது 1956-ல், பாபுஜிக்குப் பத்து வருஷம் ஜூனியர். சரண் சிங் மக்களவைக்குள் காலெடுத்து வைத்ததே அந்தத் தேர்தலில்தான். ஆனா சரண் சிங்கின் ஆதரவு மொரார்ஜி பக்கம் போனது. எமர்ஜென்சி தீர்மானம் காரணமாகச் சொல்லப்பட்டது. மொரார்ஜி பிரதமர். கோபத்தில் பதவியேற்பு விழாவுக்கே போகாத பாபுஜி, சில நாளில் சமாதானமாகி மறுபடி பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

எமர்ஜென்சி மட்டும்தான் காரணமா? 1978 ஜனவரியில் வாரணாசியில் முன்னாள் முதல்வர் சம்பூர்ணானந்தின் சிலையை அவர் திறந்துவெச்சார். அவர் கிளம்பினதும் சிலர் கங்கைத் தண்ணி கொண்டுவந்து அந்தச் சிலையைக் கழுவினாங்க. நாட்டின் ராணுவத்துக்கே பொறுப்பான அமைச்சர் தொட்ட சிலை. ஆரா பள்ளிப் பானையிலிருந்து கிட்டத்தட்ட 60 வருஷம் ஓடியிருந்தது.

1979 ஜூலையில் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்தது. பிரதமர் ஆனவர், முதல் முறை எம்.பி-யான சரண் சிங். நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா செய்தார். ஜனதா தலைவராக இருந்த பாபுஜி ஆட்சியமைக்க உரிமை கேட்டார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவரைக் கூப்பிடல. ரெண்டே நாளில் மக்களவையைக் கலைத்தார். அந்த முடிவு சரியா தப்பான்னு இன்னைக்கும் சண்டை ஓயல. மெஜாரிட்டி இருக்கான்னு சபையிலேயே நிரூபிக்க ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

1980 தேர்தலில் ஜனதாவின் பிரதமர் வேட்பாளரே இவர்தான். கட்சிக்குக் கிடைச்சது 31 சீட்! இந்திரா திரும்ப வந்துட்டார். 1984-ல் இந்திரா படுகொலைக்குப் பிறகு வீசிய அனுதாப அலையிலும், தனிக் கட்சியா நின்ன பாபுஜியை சசாராம் கைவிடல. 1986 ஜூலை 6, எம்.பி-யாகவே கண்ணை மூடினார்.

முந்தின வருஷம்தான் அவர் மகள் மீரா குமார் பிஜ்னோர் இடைத்தேர்தலில் ஜெயிச்சு மக்களவைக்கு வந்திருந்தார். 2009-ல் மக்களவையின் முதல் பெண் சபாநாயகர் ஆனதும் அவர்தான்.